இரு வணிகர்கள் சுமந்து வந்த அமானத்

ரங்கூன் என்ற பெயர் ஒலிக்காத முஸ்லிம் வீடு நம் கீழைக் கடற்கரை ஊர்களில் அரிது. தேக்கு மர அலமாரியோ, அரக்குப் பூசிய வெற்றிலைப் பெட்டியோ, ஏதேனும் ஒன்று அந்நகரிலிருந்து கப்பலேறி வந்ததாக இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தவை ஒரு தகரப் பெட்டியும் ஒரு கதையும்.

கதையைக் கொண்டு வந்தவர் என் தந்தையின் தந்தையாராகிய மர்ஹூம் பாட்டனார் அவர்கள். ரங்கூன் மொகல் வீதியில் துணிக்கடை வைத்திருந்தவர். இஷாத் தொழுகை முடிந்து திண்ணையில் வந்து அமர்ந்தால், பேரப்பிள்ளைகளாகிய எங்களுக்கு ஷ்வேடகோன் தூபியின் கதையைச் சொல்வார். "புத்தருடைய முடி எட்டு இழை, வாப்பா. இரண்டு வியாபாரிகள் அதைக் கடல் கடந்து கொண்டு வந்தார்கள். வழியில் பாதி போய்விட்டது. பிறகு என்ன ஆயிற்று தெரியுமா?" என்று நிறுத்துவார். அது நாம் நம்ப வேண்டிய கதை அன்று என்பதையும் சொல்லத் தவறமாட்டார். ஆனால், "வியாபாரிகள் கேட்டு வைக்க வேண்டிய கதை, அமானத்தின் கதை" என்பார்.

2018 ஜனவரியில் யாங்கூன் செல்லும் வாய்ப்புக் கிட்டியபோது என் மனம் முழு மகிழ்ச்சியில் இல்லை என்பதை வாசகர்களிடம் மறைக்க விரும்பவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான், 2017 ஆகஸ்டு இறுதியில் தொடங்கி, ரக்கைன் மாநிலத்திலிருந்து ரோஹிங்கியா முஸ்லிம்கள் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊர்கள் எரிய, உயிர் தப்பி வங்கதேசத்துக்கு ஓடியிருந்தனர். அந்த நாட்டின் பொற்கோபுரத்தைக் கண்குளிரக் காண்பதற்கா போகிறோம் என்ற கேள்வி விமானத்திலேயே உடன் வந்தது. எனினும் பாட்டனார் சொன்ன படிகளில் ஒருமுறையேனும் ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஆவலும் விடவில்லை. சட்டைப்பையில் தகரப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு தாளின் நகல் இருந்தது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

யாங்கூனில் எனக்குத் துணையாக வந்தவர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் பெரியவர். நம் மக்களை அங்கே 'சோலியா' என்று அழைக்கின்றனர். எழுபதைக் கடந்த அவரை நான் 'காக்கா' என்றே விளித்தேன். அவரது தமிழில் நம் ஊர்க் கடற்கரையின் வாடை கொஞ்சமும் குறையவில்லை. மொகல் வீதி இன்று ஷ்வே போன்தா வீதி. பாட்டனாரின் கடை எது என்று உறுதியாகக் கண்டுகொள்ள இயலவில்லை. நகரின் நடுவே சூலே தூபியும் அதன் எதிரே வங்காளி சுன்னி ஜாமிஆ பள்ளிவாசலும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. "தம்பி, கதை இங்கிருந்துதான் வழி கேட்டுப் போகிறது. பாட்டனார் சூலேயைப் பற்றிச் சொல்லவில்லையா?" என்று கேட்டார் காக்கா. சொல்லியிருந்தார். நான்தான் மறந்திருந்தேன்.

அஸர் தொழுதுவிட்டு ஷ்வேடகோன் மலையடிக்குச் சென்றோம். சிங்குத்தரம் என்பது அக்குன்றின் பெயர். 'ஷ்வே' என்றால் பொன். 'டகோன்' என்பது இந்நகரின் பழைய பெயர். 1755-இல் அலவுங்பயா மன்னர் இவ்வூரைக் கைப்பற்றி, 'பகை ஒழிந்தது' என்னும் பொருளில் யாங்கூன் என்று பெயர் மாற்றினார். பகை ஒழிந்ததா என்பது வேறு கதை. தெற்கு வாயிலில் இரண்டு மாபெரும் சிங்கச் சிலைகள். படிக்கட்டின் இருபுறமும் பூக்கடைகளும் ஊதுவத்திக் கடைகளும். காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். வெள்ளையர் ஆட்சியில் ஐரோப்பியர் காலணியுடனே மேலே நடமாடியதும், அதை எதிர்த்துப் பர்மியர் பெரும் கிளர்ச்சி செய்ததும் வரலாறு. "செருப்பைக் கழற்ற வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை" என்று பாட்டனார் சொல்வது நினைவுக்கு வந்தது.

இனி கதைக்கு வருவோம்.

தபுசர், பல்லிகர் என்று இரு வணிகர்கள். உடன்பிறந்தோர் என்பது பர்மிய மரபு. ஐந்நூறு வண்டிகளில் சரக்கேற்றிக்கொண்டு வட இந்தியப் பெருவழியில் சென்றுகொண்டிருந்தனர். நல்ல சமதரையில் வண்டிகள் திடீரென்று அசையாமல் நின்றன. முற்பிறவியில் அவர்களுக்கு உறவாயிருந்த தேவதை ஒன்று தோன்றி, "அருகே மரத்தடியில் ஒருவர் ஞானம் பெற்று அமர்ந்திருக்கிறார். நாற்பத்தொன்பது நாட்களாக உணவின்றி இருக்கிறார். அவருக்கு முதல் உணவு அளிப்பவர்கள் நீங்களாக இருங்கள்" என்றது. அவர்கள் மாப்பண்டத்தையும் தேன் உருண்டையையும் ஏந்திச் சென்றனர். வாங்கிக்கொள்ளப் புத்தரிடம் பாத்திரம் இல்லை. நான்கு திசைக் காவலர்களும் ஆளுக்கொரு கல் பாத்திரம் கொண்டுவர, அவர் நான்கையும் ஒன்றாக்கி அதில் வாங்கி உண்டார். வணங்கிய வணிகர்கள், "ஊர் திரும்பினால் நாங்கள் எதை வைத்து உங்களை நினைப்பது?" என்று கேட்டனர். அவர் தம் தலையைத் தடவி எட்டு முடியிழைகளை எடுத்துக் கொடுத்தார்.

புத்தரின் முதல் இல்லறச் சீடர்கள் இவ்விருவருமே என்று பாலி மொழியின் விநயநூல் கூறுகிறது. துறவிகளின் சங்கம் என ஒன்று அப்போது தோன்றவே இல்லை. மன்னரோ, பண்டிதரோ, முனிவரோ அல்லாமல், வழியில் போன இரண்டு வணிகர்கள் முந்திக்கொண்டனர். பாட்டனாருக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். வேறு காலத்தில், வேறு மார்க்கத்தில், நம் கடற்கரைக்கு இஸ்லாத்தின் ஒளியைக் கொண்டு வந்தவர்களுள்ளும் வணிகர்கள் முன்னணியில் நின்றவர்கள் என்பதை அவர் சொல்லாமல் விட்டதில்லை.

மரகதப் பேழையில் முடிகளை வைத்து, வணிகர்கள் கப்பலேறினர். வழியில் அஜேத்த நாட்டு மன்னன் தனக்கு இரண்டு வேண்டும் என்றான். மன்னன் கேட்டால் வணிகன் என்ன செய்வான்? கொடுத்தனர். பின்னர்க் கடலில் ஒருநாள் இரவோடு இரவாக நாகராசன் வந்து இரண்டைக் கவர்ந்து சென்றான். எட்டு நான்காயிற்று. பெருந்துயரத்தோடு ஊர் சேர்ந்தனர். ஒக்கலாப மன்னர் பரிவாரங்களோடு கரைக்கே வந்து வரவேற்றார். நான்குதான் உள்ளன என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டிய நேரம் அது. பேழையைத் திறந்தனர். உள்ளே எட்டு முடிகளும் இருந்தன.

திண்ணையில் இந்த இடத்தில் நாங்கள் ஆரவாரம் செய்வோம். பாட்டனார் மட்டும் புன்னகையோடு பேசாதிருப்பார்.

முடிகளை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். முன்னைய புத்தர்கள் மூவருடைய ஊன்றுகோலும் நீர் வடிகட்டியும் ஆடைத் துண்டும் புதைந்துள்ள சிங்குத்தர மலையில்தான் வைக்க வேண்டும் என்பது கட்டளை. அந்த மலை எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. தேவர்கோனாகிய சக்கனுக்கே தெரியவில்லையாம்! இறுதியில் அப்பகுதியில் வாழ்ந்த மிக முதிய காவல் ஆவி ஒன்று வழி காட்டியது. அதன் பெயர் சூலே. நகர நடுவில் நாங்கள் பார்த்த தூபி அந்த முதியவரின் நினைவைத் தாங்கியது. மலையில் பேழையைத் திறந்தபோது முடிகள் ஏழு பனை உயரத்துக்கு எழும்பி ஒளி வீசின. குருடர் கண்டனர், செவிடர் கேட்டனர், முடவர் நடந்தனர். வானம் மணிகளைப் பொழிந்தது. பின்னர் முடிகளைப் புதைத்துப் பொற்பலகையால் மூடி, மேலே பொன், வெள்ளி, வெள்ளீயம், செம்பு, காரீயம், சலவைக்கல் என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தூபிகள் எழுப்பி, எல்லாவற்றுக்கும் வெளியே செங்கல் தூபியை அமைத்தனர் என்று கதை முடிகிறது.

கதையை அறிஞர்கள் அப்படியே ஏற்பதில்லை. விநயநூலில் தேன் உருண்டை உண்டு; முடி இல்லை. முடியின் செய்தி பின்னாளைய உரைகளில்தான் வருகிறது. வணிகர்களின் ஊர் 'உக்கலம்' என்று பழைய நூல் சொல்வதை இன்றைய ஒடிசாவாகிய உத்கலம் என்று கொள்வோர் பலர். பர்மியரோ அதைத் தம் ஒக்கலாபம் என்கின்றனர். இப்போதுள்ள தூபியின் அடித்தளம் மோன் இன மக்களால் கி.பி. 6-ஆம் நூற்றாண்டுக்கும் 10-ஆம் நூற்றாண்டுக்கும் இடையே எழுந்திருக்கலாம் என்பது தொல்லியலாளர் கருத்து. இந்தக் கதையைக் கல்லில் வெட்டி வைத்தவர் தம்மசேதி மன்னர். 1485-இல் பாலி, மோன், பர்மிய மொழிகள் மூன்றிலும் வெட்டுவித்த அக்கற்கள் இன்றும் அங்கே உள்ளன.

வியப்பு என்னவென்றால், இந்த வணிகர்களைத் தம்மவர் என்று உரிமை கொண்டாடுவோர் பர்மியர் மட்டும் அல்லர். இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே திரியாய் என்னும் ஊரில் ஒரு தூபி இருக்கிறது. அதுவும் அவ்விரு வணிகர்கள் கொணர்ந்த முடியின்மேல் எழுந்தது என்பர். அங்குள்ள பாறையில், பல்லவர் கால கிரந்த எழுத்தில், வணிகர் இருவரின் பெயரும் வெட்டப்பட்டுள்ளது. ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த யுவான் சுவாங்கோ இவர்களின் ஊர்களை ஆப்கானிஸ்தானத்துப் பல்க் நகரின் அருகே கண்டதாக எழுதுகிறார். நமக்கு இப்றாஹீம் இப்னு அத்ஹம் (ரஹ்) அவர்களையும் மௌலானா ரூமி (ரஹ்) அவர்களையும் நினைவூட்டும் அதே பல்க்! முடியை எப்படி வைப்பது என்று வணிகர்கள் கேட்க, புத்தர் தம் ஆடைகளைச் சதுரமாக மடித்து அடுக்கி, அதன்மேல் பாத்திரத்தைக் கவிழ்த்து, உச்சியில் ஊன்றுகோலை நிறுத்திக் காட்டினாராம். தூபியின் வடிவம் அதுதான் என்கிறார் சீன யாத்திரிகர். கடலோடியையும் வண்டிக்காரனையும் எந்த ஊர்தான் தன்னவன் என்று சொல்லிக்கொள்ளாது?

படியேறி மேல்தளத்தில் கால் வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. மாலை வெயிலில் 326 அடி உயரப் பொன்மலை. உச்சிக் குடையில் 5,000-க்கும் மேற்பட்ட வைரங்களும், நுனியில் 76 காரட் வைரம் ஒன்றும் பதித்திருப்பதாகச் சொல்கின்றனர். கீழிருந்து பார்க்கும் நம் கண்ணுக்கு அது ஓர் ஒளிப்பொட்டு. இந்தப் பொன்னுக்கு வழி காட்டியவர் ஓர் அரசி. பதினைந்தாம் நூற்றாண்டில் பகோவை ஆண்ட ஷின் சாபு தம் எடைக்கு எடை பொன் அளித்துத் தூபியைப் போர்த்தினார். அவருக்குப் பின் வந்த தம்மசேதி தம் எடையைப்போல் நான்கு மடங்கு அளித்தார். 1768-இல் நிலநடுக்கம் உச்சியைச் சாய்த்தபின் ஷின்பியூஷின் மன்னர் மீண்டும் எழுப்பியதே இன்றைய உயரம்.

தளத்தைச் சுற்றி எட்டுத் திசைக்கும் எட்டு மேடைகள். வாரத்துக்கு ஏழு நாள் அல்லவா, எட்டு எப்படி என்று கேட்டேன். புதன்கிழமையை முற்பகல், பிற்பகல் என்று பிரித்து இரண்டு நாளாக்கிவிட்டனர் என்றார் காக்கா. தாம் பிறந்த கிழமைக்குரிய மேடையில் மக்கள் நீர் ஊற்றிக்கொண்டிருந்தனர். கைலி உடுத்த ஆண்களைக் கண்டால் நம் ஊர்ப் பள்ளிவாசல் முற்றத்தில் நிற்பதாகவே தோன்றும்.

மணிகளின் கதையையும் பாட்டனார் விரும்பிச் சொல்வார். தம்மசேதி வார்ப்பித்த மாபெரும் மணியை 1608-இல் டி பிரிட்டோ என்னும் போர்த்துக்கீசியன் கொள்ளையிட்டு, உருக்கிப் பீரங்கி செய்வதற்காக ஆற்றில் ஏற்றிச் சென்றான். மணி ஆற்றில் மூழ்கியது. இன்றுவரை கிடைக்கவில்லை. போர்த்துக்கீசியரால் நம் மரக்காயர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அவன் எப்படிப்பட்டவன் என்று விளக்க வேண்டியதில்லை. சிங்கு மன்னர் அளித்த இன்னொரு மணி 23 டன் எடையுள்ளது. முதல் ஆங்கில-பர்மியப் போரில், 1825-இல், ஆங்கிலேயர் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோக முயன்றனர். அதுவும் ஆற்றில் விழுந்தது. எடுக்க முடியாமல் அவர்கள் கைவிட, பர்மியர் மூங்கில்களைக் கட்டி மிதக்கவைத்து மீட்டுக்கொண்டனர். அம்மணியின் அருகே நின்று அதன் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்று போயே போயிற்று, ஒன்று திரும்பி வந்தது.

அன்று முற்பகலில்தான் இந்தக் குன்றுக்கு அண்மையிலுள்ள பகதூர் ஷா ஸஃபர் அவர்களின் தர்காவில் ஸியாரத் செய்திருந்தேன். முகலாயரின் கடைசி மன்னரை 1858-இல் ஆங்கிலேயர் இங்கே நாடு கடத்தினர். 1862 நவம்பர் 7 அன்று, 87 வயதில், அவர் காலமானார். அன்றே அடக்கி, இடம் தெரியாதபடி மண்ணைச் சமப்படுத்திப் புல்லை வளர்த்துவிட்டனர். 1991-இல் கால்வாய் தோண்டியபோதுதான் செங்கல் கட்டிய உண்மைக் கப்ரு வெளிப்பட்டது. முடியிழைகளைப் பொன்னுக்கு அடியில் ஒளித்து, இடத்தை உலகமே அறியச் செய்த குன்றின் அருகிலேயே, ஒரு மன்னரின் உடலை எவரும் அறியாதபடி ஒளித்திருக்கின்றனர்.

முடியைப் போற்றுவது நமக்கு அந்நியமான செய்தி அன்று. இறுதி ஹஜ்ஜின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுடி தோழர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டதை நாம் அறிவோம். 1963 டிசம்பரில் ஸ்ரீநகர் ஹஸ்ரத்பாலில் திருமுடி காணாமற்போய், சில நாட்களில் மீட்கப்பட்டபோது காஷ்மீர் கொந்தளித்ததையும் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். போற்றுதல் வேறு, வணங்குதல் வேறு என்பது நம் கொள்கை. ஆயினும் அங்கே மண்டியிட்டிருந்த ஒரு மூதாட்டியின் முகத்தைப் பார்த்தபோது, இழந்துவிடக்கூடாது என்னும் அந்த அச்சம் எனக்குப் புரிந்தது.

கசப்பையும் சொல்லத்தான் வேண்டும். 1938 ஜூலை 26 அன்று, ஒரு முஸ்லிம் எழுதிய நூல் பௌத்தத்தை இழிவுபடுத்தியது என்று இதே தூபியில் கூட்டம் கூடியது. இங்கிருந்து சூரத்தி பஜாரை நோக்கி ஊர்வலம் இறங்கியது. கலவரம் நாடெங்கும் பரவிப் பல உயிர்கள் மாண்டன. அன்று பாட்டனார் கடையின் கதவை இழுத்துச் சாத்தி, வெளியே முக்காலி போட்டு அமர்ந்தவர் பக்கத்துக் குடைக்கடைக்காரர். பர்மியர், பௌத்தர். பாட்டனார் அவரை 'அகோ' என்பார். பர்மிய மொழியில் அண்ணன் என்று பொருள்.

1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 தொடக்கத்தில் பாட்டனார் ஒரு தகரப் பெட்டியை அந்த அகோவிடம் ஒப்படைத்துவிட்டு, அரக்கான் மலைகளைக் கால்நடையாகக் கடந்து சிட்டகாங் வழியாக ஊர் வந்து சேர்ந்தார். 1946-இல் திரும்பிப் போனபோது அகோ பெட்டியைக் கொண்டு வந்து முன்னே வைத்தார். திறந்தால், பாதிப் பொருள் இல்லை. உள்ளே ஒரு தாள் இருந்தது. போர்ப் பஞ்சத்தில் எந்தப் பொருளை எப்போது எவ்வளவுக்கு விற்று அரிசி வாங்கினேன் என்ற முழுக் கணக்கு. 1964-இல் ராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கி, நூறு, ஐம்பது கியாட் நோட்டுகளையும் செல்லாததாக்கியபோது பாட்டனார் கடையைப் பறிகொடுத்து, இலட்சக்கணக்கானோரோடு தாமும் கப்பலேறினார். அந்தத் தகரப் பெட்டியையும் தாளையும் மட்டும் விடவில்லை. வணிகர்களின் பேழையில் எட்டும் திரும்பி வந்த கட்டத்தில் அவர் ஏன் பேசாதிருந்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே விளங்கிற்று.

தாள் பர்மிய எழுத்தில் இருந்ததால் வீட்டில் பாட்டனாரைத் தவிர யாராலும் படிக்க முடிந்ததில்லை. அதன் நகலைத்தான் சட்டைப்பையில் வைத்திருந்தேன். தளத்தின் கீழ்ப்புறத்தில், நிழல் விழுந்த சலவைக்கல்லில் அமர்ந்து காக்காவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை ஓட்டி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். பட்டு லுங்கி ஆறு, விற்றது; அரிசி. பித்தளைத் தாம்பாளம் ஒன்று, விற்றது, மருந்து. சுவர்க் கடிகாரம், விற்றது, அரிசி. இப்படிப் பதினொரு வரிகள். ஒவ்வொன்றின் எதிரிலும் தொகை. கடைசி வரியில் தொகை இல்லை. காக்கா அதை இருமுறை படித்துப் பார்த்தார்.

"தொழுகை விரிப்பு ஒன்று, கேட்டார்கள், கொடுக்கவில்லை."

தாளை மடித்து என்னிடம் தந்தார். விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. மஃக்ரிபுக்கு நேரம் நெருங்குகிறது என்றார். காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு தெற்குப் படி வழியே இறங்கினோம்.